இடது கன்னத்தின் நாற்றம்

முதலில் வந்தது நாற்றம். வலி பிறகுதான் வந்தது.

ஒரு நாள் காலை விமானி அறைக்குள் நுழைந்ததும் ஏதோ செத்து அழுகியதுபோல் வீசியது. இருக்கைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஆக்சிஜன் முகமூடியை முகர்ந்தேன். துப்புரவுப் பணியாளர்களைத் திரும்ப அழைத்துத் துடைக்கச் சொன்னேன். துடைத்த பிறகும் நாற்றம் போகவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானி யூசுப்பிடம், "உன் சாக்ஸா இது?" என்று கேட்டே விட்டேன். மூவார் ஊரில் உணவகம் நடத்தும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. அவன் முகம் சுருங்கிப்போனது.

பதினான்கு ஆண்டுகளாக விமானம் ஓட்டுகிறேன். மலேசியாவுக்குள்தான்: ஜொகூரிலிருந்து கூச்சிங், பினாங்கு, கோத்தா கினபாலு. சில நாட்களில் நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்குவேன். என் உடம்பு அதற்குப் பழகிவிட்டது என்று நம்பியிருந்தேன்.

தம்போயில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே நாற்றம். ஏர்கானைக் கழுவ ஆள் கூப்பிட்டேன். வாசல் சாக்கடையைக் கழுவச் சொன்னேன். பெலாச்சான் என்னும் இறால் விழுது டப்பாவைத் தூக்கி எறிந்தேன். என் கணவர் செல்வம் பள்ளி ஆசிரியர், பொறுமைசாலி. "லோங்காங்க நேத்துதான் கழுவுனேன். இன்னும் என்ன செய்யச் சொல்ற?" என்றார். எதையும் வாயில் வைக்க முடியவில்லை. சோற்றை நெருங்கினாலே குமட்டியது. யாராவது அருகில் வந்து பேசினால் மூச்சை அடக்கிக்கொண்டேன். உலகமே அசுத்தமாகிவிட்டது, நான் ஒருத்திதான் அதை உணர்கிறேன் என்று தோன்றியது.

மூக்கின் இடது பக்கம் அடைத்தே இருந்தது. மருந்துக்கடையில் ஸ்ப்ரே (மூக்குக்குள் வீங்கிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பைத் திறக்கும் மருந்து) வாங்கினேன். சில நாட்களுக்கு மேல் அடிக்கக்கூடாது என்று அதன்மேலேயே எழுதியிருந்தது. நான் மூன்று மாதம் அடித்தேன். மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கு முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். மறுபடி அடிப்பேன். கழிப்பறைக்குள் கதவைத் தாழிட்டு, திருடியைப்போல.

ஒவ்வொரு முறை பறக்குமுன்னும் விமானி தன் உடல் தகுதியாக இருக்கிறதா என்று தானே சொல்ல வேண்டும். தகுதியாக இருக்கிறேன் என்றுதான் ஒவ்வொரு நாளும் சொன்னேன். இன்றைக்கும் என்னை அதிகம் அருவருக்கச் செய்வது சீழோ இரத்தமோ அல்ல, அந்தச் சொல்தான்.

மூன்றாவது மாதத்தில் ஒரு நாள், கூச்சிங்கிலிருந்து ஜொகூருக்கு மதிய விமானம். நான்தான் ஓட்டினேன். கீழிறங்கத் தொடங்கிய சில நிமிடங்களில் இடது கண்ணுக்குக் கீழே யாரோ ஆணி அடிப்பதுபோல் இருந்தது. மேல்வரிசைப் பற்கள் எல்லாம் பிடுங்கப்படுவதுபோல் வலித்தன. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. முன்னால் திரையில் இருந்த எண்கள் கலங்கின. மூக்கிலிருந்து இரத்தம் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அதோடு கெட்டியாக, பச்சையாக ஏதோ தொண்டைக்குள் இறங்கியது. துப்ப இடமில்லை. விழுங்கினேன். நான் மாதக்கணக்கில் தேடிய நாற்றத்தின் ருசி அது.

"கேப்டன்?" என்றான் யூசுப். நான் ஒரு கையால் கன்னத்தை அழுத்திக்கொண்டேன்.

"ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்றான். விமானத்தை அவன் எடுத்துக்கொண்டதற்கான சொல் அது. நான் இயக்கும் பிடியிலிருந்து மறு கையை எடுத்தேன். அவன் கட்டுப்பாட்டு நிலையத்திடம் பேசி, இறங்குவதைச் சற்று நிறுத்தி, பிறகு மிக மெதுவாக இறக்கினான். நான் காகிதத் துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பயணிகள் எல்லாரும் இறங்கிய பிறகு அவன் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, எத்தன நாளா இப்படி?"

"இன்னிக்குத்தான்."

"பொய் சொல்லாதீங்க. உங்க பேக்ல மூணு ஸ்ப்ரே பாட்டில் இருக்கு, நான் பார்த்தேன். நீங்களே ரிப்போர்ட் எழுதிருங்க. இல்லனா நான் எழுதுவேன். பின்னாடி அத்தன பேர் இருந்தாங்க லா."

அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் எழுதினேன். நல்லவள் என்பதால் அல்ல. அவன் எழுதிவிடுவான் என்பதால்.

ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். என் வயதை ஒத்த தமிழ்ப் பெண். கன்னத்து எலும்புக்குள் இருபுறமும் சைனஸ் (காற்று நிறைந்த சிறு அறை) உண்டு. வலது அறை கறுப்பாக இருந்தது, அதாவது காற்று. இடது அறை முழுக்க வெள்ளை.

"உள்ள பூஞ்சை வளர்ந்து உருண்டையா அடைச்சிருக்கு," என்றார். "மேல போறப்ப உள்ள இருக்கற காத்து எப்படியோ கசிஞ்சு வெளிய வந்துரும். இறங்கறப்ப வெளிக்காத்து உள்ள போக வழி இல்ல. அறையோட உள்தோல உறிஞ்சி இழுக்குது. அதான் அந்த வலி, அந்த ரத்தம்."

"அப்ப அந்த நாத்தம்?"

அவர் திரையில் வெள்ளை அறையைத் தொட்டுக் காட்டினார். "அது வெளிய இல்லங்க. உங்களுக்குள்ளதான்."

செல்வம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காரில் ஏறியதும், "எனக்கு முன்னாடியே தெரியும். உன் மூச்சுதான் அப்படி அடிச்சுச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். இத்தனை மாதமும் அதே தலையணைக்குப் பக்கத்தில் முகம் திருப்பாமல் படுத்திருந்திருக்கிறார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூக்கு வழியாகவே மெல்லிய குழாயைச் செலுத்தி அறுவைசிகிச்சை செய்தார்கள். எடுத்ததைப் படம் பிடித்து வைத்திருந்தார் மருத்துவர். பழுப்பும் கறுப்புமாக, ஈரக் களிமண்போல். பார்க்க வேண்டாம் என்றார். பார்த்தேன். என் முகத்துக்குள் அதைச் சுமந்துகொண்டு சீருடை அணிந்து, பயணிகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

பிறகு தினமும் இருமுறை உப்புநீரால் மூக்கைக் கழுவ வேண்டும். ஒரு துளையில் ஊற்றினால் மறு துளையில் வரும், காய்ந்த இரத்தப் பொருக்குகளோடு. முதல் வாரம் ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்தேன். இதைப் படிப்பவர் எவருக்காவது இதே நிலை என்றால் ஒன்று சொல்கிறேன்: அருவருப்பு போகாது, ஆனால் கை பழகிவிடும். கழுவுவதை மட்டும் விடாதீர்கள்.

மூக்கு ஆறிய பிறகும் பயம் ஆறவில்லை. மின்தூக்கி கீழே இறங்கினாலே கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். விமானிகளைப் பரிசோதிக்கும் மருத்துவர், "தூக்கம் எப்படி?" என்று கேட்டபோது, நல்லாருக்கு என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அந்தப் பழக்கம் அவ்வளவு ஊறிப்போயிருந்தது. பிறகு மாற்றிச் சொன்னேன். இறங்குவதாகவே கனவு வருகிறது, பயமாக இருக்கிறது என்றேன். உரிமத்தைப் பிடுங்கிவிடுவார் என்று நினைத்தேன். மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். சில வாரங்கள் பேசினேன். பிறகு பயணியாக ஒருமுறை பினாங்கு போய் வந்தேன். வலிக்கவில்லை. சிமுலேட்டர் என்னும் பாவனைப் பயிற்சிக் கருவியில் தேர்வு எழுதுவதுபோல் எல்லாவற்றையும் மீண்டும் செய்து காட்டினேன். அதன்பிறகே விமானி இருக்கைக்கு விட்டார்கள்.

திரும்பியதும் யூசுப்பைத் தேடிப்போய் சாக்ஸ் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "அலமாக், அதுக்கப்புறம் நான் தினமும் ரெண்டு தடவ மாத்தினேன் அக்கா" என்றான்.

போன வாரம் காலையில் எழுந்ததும் தொண்டை கரகரத்தது. சாதாரணச் சளி. பணி ஒதுக்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"வெறும் சளிதானே கேப்டன்? ஆள் இல்ல இன்னிக்கு."

"ஆமா, சளிதான். நான் வரல."

செல்வம் பள்ளிக்குப் போய்விட்டார். வீட்டில் நான் மட்டும். எனக்குக் குறித்திருந்த விமானம் புறப்பட வேண்டிய நேரம் வந்தது, போனது. முன்பெல்லாம் கால அட்டவணை சொன்னால் உடம்பு எழுந்து நிற்கும். இப்போது உடம்பு சொல்கிறது, நான் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் இந்த உடம்பை எனக்குப் பிடிக்கவில்லை. ஈரமான, ஒழுகுகிற, எந்நேரமும் எதையாவது வளர்க்கத் தயாராக இருக்கிற பண்டம் அது. ஆனால் அதைப்பற்றி இனி யாரிடமும் பொய் சொல்வதில்லை. மூக்கைச் சிந்தி, காகிதத்தை விரித்து, நிறத்தைப் பார்த்தேன். வெறும் நீர். இன்னும் மூன்று நாள் ஆகும் என்று தோன்றியது. ஆகட்டும் என்று படுத்துக்கொண்டேன்.