லீவுக்குப் பதில் கஷாயம்

மிளகின்மேல் அகல்யாவுக்கு ஒரு கோபமும் இல்லை. அது பாட்டுக்கு ரசத்தில் கிடக்கிறது, பொங்கலில் கிடக்கிறது. அவளுக்கு வயிறு எரிந்ததெல்லாம், அதைத் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்து, டம்ளரை நீட்டி, தன் கடமை தீர்ந்தது என்று கையைத் துடைத்துக்கொள்கிற சாவித்திரி அம்மாள்மேல்தான்.

டெல்லி கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் அந்த அம்மாள் வீட்டுச் சமையல் அகல்யாவுடையது. பதினோரு வருஷமாகச் செய்கிறாள். அதே வளாகத்தில் இன்னும் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த அப்பனுக்கு மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். அப்போதெல்லாம் ஒரே பஸ், வேலைக்கு வந்துவிடுவாள். கேம்ப்பைச் சர்க்கார் இடித்த பிறகு டெல்லியின் அந்தக் கோடியில், நரேலாவில் குடியிருப்பு. மூன்று பஸ் மாற வேண்டும். விடிகாலை ஐந்து மணிக்கு, பனியும் புகையும் நெஞ்சில் இறங்க நின்று நின்று நவம்பரில் இருமல் பிடித்தது. பிடித்தது விடவேயில்லை.

கொரோனா வந்துபோன நாளிலிருந்து வேலைக்காரி இருமினால் எந்த வீட்டிலும் பொறுப்பதில்லை. அவள் பாத்திரம் தேய்க்கிற வீட்டில் பெருக்க வந்தவள் ஒருநாள் இருமினாள், மறுநாள் அங்கே வேறொருத்தி நின்றாள். அதற்குக் கேம்ப் பெண்களிடம் ஒரு வழி உண்டு. நாலு மிளகைக் கடைவாயில் அடக்கிக்கொண்டால் காரம் தொண்டையில் இறங்க இறங்க இருமல் மேலே வராது. அகல்யாவும் வாசல் மணியை அழுத்துமுன் அடக்கிக்கொள்வாள். கண்ணில் தண்ணீர் முட்டினால் பாத்திரச் சோப்பின்மேல் பழி. இப்படி மூன்று மாதம். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அவளுக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் அந்த மூன்று பஸ்ஸையும் ஒருநாள் ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும்.

சாவித்திரி அம்மாள் வீட்டிலும் அடுப்படியில் இருமிவிடக்கூடாதே என்று மிளகை அடக்கிக்கொண்டாள், ஆனால் அந்த அம்மாளிடம் மட்டும் உடம்புக்கு முடியாததை மறைக்கவில்லை. தமிழ் பேசுகிற வீடாயிற்றே என்ற பாழாய்ப்போன நம்பிக்கை.

"அம்மா, ஒருநாள் லீவு குடுங்க. ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடறேன். சாயங்காலமானா ஜுரம் அடிக்குது. பாவாடை நாடாவ தெனம் இறுக்க வேண்டியிருக்குது."

"ஞாயித்துக்கிழமை போயேன்."

"ஞாயித்துக்கிழமை ஓ.பி. கிடையாதும்மா."

"அப்போ இந்த வாரம் முடியாது. அவரோட ஆபீஸ்காரா சாப்பிட வரா. நான் மிளகுக் கஷாயம் போட்டுத் தரேன், குடி. ரெண்டு நாள்ல போயிடும்."

அடுத்த வாரம் நவக்கிரக ஹோமம். அதற்கடுத்த வாரம் நாத்தனார் வரவு. ஒவ்வொரு தடவையும் லீவுக்குப் பதில் கஷாயம். மிளகு, சுக்கு, பனங்கற்கண்டு எல்லாம் தாராளமாக விழும். உள்ளதைச் சொல்ல வேண்டும், அளவில் அந்த அம்மாள் கஞ்சத்தனம் காட்டியதேயில்லை. கொடுக்க முடியாதது ஒரு நாள்தான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. கல்லூரிக்குப் போகிற மகன் கௌஷிக் இரண்டு நாளாக லொக்கு லொக்கு என்று இருமினான். சாவித்திரி அம்மாள் போனில் டாக்டரிடம் நேரம் வாங்கி, காரையும் வரச்சொல்லிவிட்டாள். அகல்யா கஷாயத்தைக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, டம்ளரில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"என்னது?"

"கஷாயம். தம்பிக்கு."

"அவனுக்கு இதெல்லாம் கேக்காதுடி. எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

"ரெண்டு நாள் இருமலுக்கு எக்ஸ்ரே. எனக்கு மூணு மாசம். எனக்கு மட்டும் எப்படிம்மா இது கேக்கும்?"

சாவித்திரி அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கைப்பையில் பர்ஸைத் தேடிக்கொண்டே, "உங்களுக்கெல்லாம் உழைச்ச உடம்பு. ஒண்ணும் ஆகாது," என்றாள்.

அகல்யா வாயில் அடக்கியிருந்த மிளகை உள்ளங்கையில் துப்பி, டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இத வாயில வச்சிக்கிட்டுத்தான் மூணு மாசமா உங்க வூட்ல ஆக்கிப்போட்டேன். இன்னிக்கு நான் லீவு. கேக்கல, சொல்றேன்."

பின்னால் அந்த அம்மாள் என்னவோ கத்தினாள். இவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அரசு நெஞ்சுநோய் டிஸ்பென்சரியில் இரண்டு மணிநேர வரிசை. சீட்டு எழுதுகிற ஆள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, நன்றாக இருமி உள்சளியைத் துப்பிக்கொண்டு வா என்று வெளியே வெயிலுக்கு அனுப்பினான்.

வேப்பமரத்தடியில் நின்று இருமப் பார்த்தாள். வரவில்லை. மறுபடி முக்கினாள். அடக்கி அடக்கிப் பழகிய தொண்டை பூட்டிக்கொண்டது. என்ன பிழைப்பு இது, இருமக்கூட மறந்துபோனேனே என்று ஆத்திரத்தில் அழுகை முட்டியது.

வரிசையைப் பார்க்க வெளியே வந்த அந்த ஆள், "அரே அம்மா, ஜோர் ஸே காஸோ," என்றான். பலமாக இருமு, இங்கே யாரும் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று இந்தியில் சொன்னான்.

அதைக் கேட்டதும்தான் வந்தது. அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்த இருமலில் அவள் மரத்தைப் பிடித்தபடி குனிந்துவிட்டாள். ஓய்ந்தபோது டப்பாவில் சளியோடு ரத்தமும் இருந்தது.

அவன் டப்பாவை வாங்கிப் பார்த்தான். முகம் மாறியது.

"எத்தனை நாளாக?"

"மூணு மாசம்."

"இத்தனை நாள் ஏன் வரவில்லை?"

"லீவு கெடைக்கல, அண்ணே," என்றாள் அகல்யா.