பிரேசில்காரருக்குக் கிடைத்த கைதட்டல்

எங்கள் குடும்பத்தில் எழுத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாத முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பிலேயே மூன்று மொழிகளில் வாசிப்பேன். பர்மிய மொழியும் ஆங்கிலமும் பள்ளிக்கூடத்தில் வந்தவை. தமிழ், கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலை நடந்த வகுப்பில் வந்தது. அந்த வகுப்பில் என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் பிரசாதம் கொடுப்பது நின்றதும் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. இதையெல்லாம் அந்த வயதில் யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுவேன்.

அம்மா க்யிம்யிண்டைங் சந்தை வாசலில் பெப்யோ விற்றாள். முளைகட்டி வேகவைத்த பட்டாணி. ரங்கூனில் காலைச் சோற்றுக்கு அது இல்லாமல் ஆகாது. அம்மாவின் தம்பி, என் மாமா, லைன்கார் ஓட்டினார். பின்பக்கம் இரண்டு பெஞ்சு போட்டு ஆள் ஏற்றும் வண்டி. பெரும் புயல் வந்துபோன மறுவருடம், எங்கள் ஊரில் சம்பளம் கொடுத்துக் கால்பந்தாட வைக்கும் கிளப்புகள் தொடங்கின. அதில் ஒன்று மாமாவின் வண்டியை மாத வாடகைக்கு எடுத்தது. பந்து மூட்டை, தண்ணீர்க் கேன், வெளிநாட்டு ஆட்டக்காரர் ஆகிய மூன்றையும் மைதானத்துக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது அவர் வேலை.

அந்த வெளிநாட்டு ஆட்டக்காரர் பிரேசில்காரர். பிரேசில் என்றதும் எங்கள் தெரு வேறு எதையோ எதிர்பார்த்தது. வண்டியிலிருந்து இறங்கியவருக்கு முன்னந்தலையில் முடி குறைவு, வலது முழங்காலில் துணிப்பட்டை. பார்ப்பதற்குப் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் போலிருந்தார். அவர் கோல் போடுபவரும் இல்லை. நடுக்களத்தில் நிற்பவர். பக்கத்து வீட்டுப் பையன்கள் அதைக் கேட்டுச் சலித்துக்கொண்டார்கள்.

மாமாவுக்கு மட்டும் அவர்மேல் ஒரு பிடிப்பு. "கோல் போடுறவனுக்குத்தான் மாலை போடுவீங்க. நடுவுல நிக்கிறவன் குழாய்த் தண்ணி மாதிரிடா. வரலைன்னாத்தான் தேடுவீங்க" என்பார். அவரைக் 'கோ பிரேசில்' என்று கூப்பிட்டார். அண்ணன் என்பதற்கு இங்கே 'கோ' என்று சொல்வது. பிரேசில்காரர் மாமாவைப் பதிலுக்குக் 'கோ டிரைவர்' என்றார். இருவரும் பேசிக்கொண்ட ஆங்கிலத்தில் மொத்தம் நாற்பது வார்த்தை இருக்கலாம். அதில் பாதி தப்பு. எனக்கு அது காதில் விழும்போதெல்லாம் திருத்த வேண்டும் போலிருக்கும்.

கிளப் அவரை ஒரு மாதம் ஆடவிட்டுப் பார்க்கும். பிடித்திருந்தால் வருடம் முழுக்க வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் மிங்கலாடோன் போய் விமானம் ஏற வேண்டியதுதான். ஏறி எங்கே போவார் என்று அவருக்கே தெரியாது என்று மாமா சொன்னார். மாதத்தின் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், மாமா அவரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தார்.

அம்மா கோழி வாங்கியிருந்தாள். அவர் கோழியைத் தொடவில்லை. மூலையில் விற்காமல் மிச்சமிருந்த பெப்யோவைக் காட்டி அது வேண்டும் என்றார். சோற்றில் போட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஊரிலும் சோற்றுக்குப் பயறுதானாம். அம்மா பிரேசில் நாட்டின்மேல் அதுவரை கொண்டிருந்த மரியாதை கொஞ்சம் குறைந்துபோனது.

"விமானம் ஏறி வந்து என் பட்டாணியத் திங்கிறதுக்கு அங்கயே இருந்திருக்கலாமே" என்றாள்.

"அக்கா, சும்மா இரு. நாளைக்கு ஆடணும் அவர்" என்றார் மாமா.

சாப்பாட்டுக்கு நடுவில் அவர் தன் பையிலிருந்து தடித்த கோப்பு ஒன்றை எடுத்தார். கண்ணாடித்தாள் உறைகளுக்குள் பத்திரிகை நறுக்குகள். பதினேழு வயதிலிருந்து ஆடிய ஊர்கள் எல்லாம் அதில் இருந்தன. முதலில் அவர் சொந்த ஊர், பிறகு போர்த்துகல், பிறகு வியட்நாம், தாய்லாந்து, இந்தியா, இந்தோனேசியா. தாள்களைப் புரட்டப் புரட்ட அவர் முடி பின்னோக்கிப் போனது, சட்டை நிறம் மாறியது, எழுத்துகள் அவருக்குத் தெரியாதவையாக ஆயின. கடைசிக்கு முந்தின உறையில் ஒரு மஞ்சள் படிந்த நறுக்கு இருந்தது. காலை நீட்டிப் பந்தை நிறுத்தும் பெரிய படம். கீழே தமிழ்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வண்டியிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து படத்தைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டுதான் இறங்குவார் என்று மாமா சொன்னார். ஏன் அந்த நறுக்கு மட்டும் என்று கேட்டதற்கு, பிரேசில்காரர் எழுந்து நின்று நடித்துக் காட்டினார். சென்னையில் ஓர் ஆட்டம். அவர் களத்தை விட்டு வெளியே நடந்து வருகிறார். கூட்டம் முழுக்க எழுந்து நின்று கைதட்டுகிறது. எந்த ஊரிலும் தனக்கு அப்படித் தட்டியதில்லை என்றார். நடுக்களத்துக்காரனுக்கு யார் தட்டுவார்கள்? மறுநாள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது விமான நிலையத்தில் வாங்கிய பேப்பரில் படமும் வந்திருந்தது. ஐந்து வருடமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறார். வாசித்துச் சொல்லத்தான் அதன்பிறகு போன எந்த ஊரிலும் ஆள் கிடைக்கவில்லை.

"அதுக்கென்ன, நம்ம வீட்டுலயே சயாமா இருக்காங்களே" என்றார் மாமா. சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சரம்மா. என்னைக் கேலி செய்யவும் பெருமைப்படவும் மாமாவுக்கு அந்த ஒரே வார்த்தைதான். நாளைய ஆட்டத்துக்கு முன்னால் அந்தப் புகழ்ச்சியை அவர் காதில் போட வேண்டும் என்பதற்காகவே அழைத்து வந்திருக்கிறார்.

நான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நறுக்கை வாங்கினேன். வகுப்பில் நிற்பது போல் நின்றேன். இன்றுவரை அந்த வரிகள் எனக்கு மனப்பாடம். "நடுக்களத்தில் வெளிநாட்டு வீரர் உலாவினாரே தவிர ஆடவில்லை. பந்துதான் அவரைத் தேடி அலைந்தது. ஒருவழியாக இரண்டாம் பாதியில் அவரை வெளியே அழைத்தபோது ரசிகர்கள் நிம்மதியோடு எழுந்து நின்று கைதட்டினார்கள்." ஓர் எழுத்துகூடத் தடுக்காமல் படித்தேன். மண்டபத்து வாத்தியார் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அம்மா சட்டியைக் கிளறுவதை நிறுத்தினாள். பிரேசில்காரர் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாமா ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. கட்டைவிரலை உயர்த்தி, ஆங்கிலத்தில், மிக நல்ல ஆட்டக்காரர் என்றும், சிங்கம் என்றும், எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள் என்றும் சொன்னார். நாற்பது வார்த்தையில் அவரிடம் இருந்த நல்ல வார்த்தைகள் அத்தனையும் செலவாகின. பிரேசில்காரர் முகம் மலர்ந்தது.

எனக்குத் தாங்கவில்லை. வாசித்தது நான். சொல்வது அவர். அதுவும் தப்பாக.

"இல்லை" என்றேன் என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், இலக்கணம் பிசகாமல். "நீங்கள் மோசமாக ஆடினீர்கள் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் வெளியே போனதால் அவர்கள் சந்தோஷப்பட்டுக் கைதட்டினார்கள்."

அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்து, வெளியே போவது போல் இரண்டு விரல்களைத் தரையில் நடக்கவைத்துக் காட்டிவிட்டுக் கையும் தட்டினேன்.

எந்த வரி என்று கேட்டார். விரலை வைத்தேன். அவரும் தன் விரலை அங்கே வைத்து, அந்த வரியின் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மெதுவாக நகர்த்தினார். "ஓகே" என்றார். பிறகு உட்கார்ந்து தட்டில் இருந்த பெப்யோவை ஒரு பட்டாணி விடாமல் சாப்பிட்டு முடித்தார். போகும்போது என் தலையில் கைவைத்து, நல்ல பள்ளிக்கூடம் என்றார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பெரியவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை என்பதும் எனக்குச் சாதகமாகவே பட்டது.

மறுநாள் ஆட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போவதாக மாமா முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கை மீறவில்லை. வண்டியின் முன்சீட்டில் மாமாவுக்கும் பிரேசில்காரருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். மைதானத்து வாசலில் வண்டி நின்றது. கோப்பு அவர் மடியில் இருந்தது. மாமா எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பிரேசில்காரர் கோப்பைத் திறக்காமல் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார்.

அவர் ஆட்டத்தை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லும் அறிவு எனக்கு அப்போது இல்லை. பந்து வந்தால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்தார். மறுபடி வாங்கினார். மறுபடி கொடுத்தார். ஒன்று மட்டும் கவனித்தேன். கூட்டம் கைதட்டும்போதெல்லாம், யாருக்காகத் தட்டினாலும், அவர் சட்டென்று தலையைத் திருப்பிப் பார்த்தார். அப்படித் திரும்பிய ஒருமுறை பந்து அவர் காலைத் தாண்டிப் போனது. எதிரணிக்காரன் அதைக் கொண்டுபோய் கோல் போட்டான். சிறிது நேரத்தில் ஓரத்தில் நின்ற பயிற்சியாளர் அவரை வெளியே வரச் சொல்லிக் கை காட்டினார்.

அவர் நொண்டியபடி வெளியே நடந்து வந்தார். மாமா எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார். அந்தப் பக்கத்தில் வேறு ஒருவரும் தட்டவில்லை. மாமாவை மட்டும் தனியாக விடக்கூடாது என்று நானும் எழுந்து பலமாகத் தட்டினேன். பிரேசில்காரர் எங்களைப் பார்த்தார், என்னை, பிறகு என் கைகளை. அதன்பிறகு வண்டிவரை தன் பூட்ஸைப் பார்த்தபடியே நடந்தார்.

வைத்துக்கொள்ளப்போகும் ஆட்டக்காரர்களின் பட்டியலை நான்கு மணிக்கு வாசல் சுவரில் ஒட்டுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவர் முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு முன்சீட்டில் கிடந்தார். நாலரைக்கு மாமா அவரைத் தொலைபேசி நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். ஞாயிறு தோறும் அங்கிருந்துதான் தன் மகளோடு பேசுவார். அவர் ஊரில் அப்போதுதான் விடிந்திருக்குமாம். அந்தப் பெண்ணுக்கும் என் வயதுதான். இந்த முறை அவளுக்குப் பிறந்தநாள் என்று காலையிலேயே இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

நான்கு மணி ஆனதும் மாமா இறங்கினார். நானும் இறங்கப் போனேன். பட்டியல் பர்மிய எழுத்தில் இருக்கும், மாமாவுக்கு வாசிக்கத் தெரியாது.

"நீ உக்காரு பாப்பா, வெயில்" என்றார்.

வெயில் தாழ்ந்திருந்தது. மாமா சுவர்ப் பக்கம் போய் அங்கிருந்த காவல்காரரிடம் ஏதோ கேட்டார். அந்த மனிதர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவித் தடவி வாசித்தார். எனக்கு அரை நிமிஷம் போதும். மாமா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு பக்கத்துக் கடையில் வெற்றிலை மடித்து வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, பாதிகூட மெல்லாமல் திரும்பி வந்தார்.

இன்னும் ஒட்டவில்லை, நாளைக்குத்தானாம் என்று பிரேசில்காரரிடம் சொன்னார். "இப்ப போன் பேசுவோம்" என்று காதில் கைவைத்துக் காட்டினார். பிரேசில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்து முடியைக்கூடச் சரிசெய்துகொண்டார்.

வண்டி வாசலைத் தாண்டித் திரும்பும்போது பட்டியல் என் கண்ணுக்கு நேராக வந்தது. வரிசையாகப் பெயர்கள். மேலிருந்து கீழே ஒரே பார்வையில் வாசித்துவிட்டேன். அவர் பெயர் இல்லை.

"மாமா, ஒட்டியிருக்காங்களே!"

"சரிம்மா" என்றார் மாமா, சாலையைப் பார்த்தபடி.

மகளிடம் பேசப் போகிறவருக்குச் சொல்வதற்கு ஒரு செய்தியாவது இருக்க வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. காவல்காரர் அதை வேறு ஏதோ அறிவிப்பு என்று தப்பாக வாசித்திருக்கிறார், மாமாவும் ஏமாந்துவிட்டார். உதவ வேண்டியது படித்தவர்களின் கடமை என்று வகுப்பில் எழுதியிருக்கிறேன். பிரேசில்காரர் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்து, "உங்கள் பெயர்..." என்று ஆரம்பித்தேன்.

மாமா ஹாரனை அமுக்கினார். அமுக்கிய கையை எடுக்கவே இல்லை. என் வாய் அசைவதை மட்டும் பார்த்துப் பிரேசில்காரர் சிரித்து, தன் காதைத் தொட்டுக் கையை விரித்தார். தொலைபேசி நிலையம் வரும்வரை ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது. நான் எட்டி எட்டி முன்னால் பார்த்தேன். சாலையில் ஒரு நாய்கூட இல்லை.