இருதலைத் தசையின் மூன்றாம் தலை

போன வாரம் வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கப் போனேன். எனக்கு முன்னால் நின்றவர் வஞ்சிரத்தின் செவுளைத் திறந்து முகர்ந்துவிட்டு, "ஃபார்மலின் வாசன வருதே" என்றார். மீன்காரம்மா விடுவாரா? "இப்பதான் போட்லேருந்து எறங்குச்சு, மருந்து எங்கேருந்து வந்துச்சாம்?" என்று சத்தம் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாசனையை என்னிடமல்லவா கேட்க வேண்டும்! உடல்களைக் கெடாமல் வைக்க ஃபார்மலின் ஊற்றும் மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எவ்வளவு சீயக்காய் போட்டாலும் அது தலையை விட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மெல்ல எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஃபார்மலின் என்றாலே எனக்குத் தனலட்சுமி அம்மாவின் ஞாபகம் வரும். நெல்லித்தோப்புக்காரர். அவருடைய கணவர் ராஜமாணிக்கம், மில்லில் தறி ஓட்டியவர். "நான் செத்தா பசங்க படிக்கட்டும்" என்று உடல்தானத்துக்கு அவர் கையெழுத்துப் போட்டபோது, அம்மா பக்கத்தில் நின்று ஒரே அழுகை. ஆனால் அவர் இறந்ததும், சொந்தக்காரர்களின் சண்டையை மீறி உடலைக் கொண்டுவந்து ஒப்படைத்தவரும் இதே அம்மாதான்.

ராஜமாணிக்கத்தின் வலது மேற்கையைத் திறந்த அன்று மாணவர்கள் என்னைக் கூவி அழைத்தார்கள். புஜத்தில் திரண்டு நிற்கும் தசைக்கு இருதலைத் தசை என்று பெயர். மேலே இரண்டு இடங்களில் தொடங்கிக் கீழே ஒன்றாகிவிடும். இவருக்கு மூன்றாவதாகவும் ஒரு தலை, கையெலும்பின் நடுவிலிருந்து கிளம்பி மற்ற இரண்டோடு சேர்ந்திருந்தது. சிலருக்கு அப்படி இருப்பதுண்டு. இருப்பவருக்கே தெரியாது.

முதல் வருஷத் திதியன்று அம்மா ஒரு முழம் மல்லிகையோடு வந்து நின்றார். உள்ளே விட முடியாது. பார்க்கிற நிலையிலும் ராஜமாணிக்கம் இல்லை. என்ன பேசுவதென்று தெரியாமல் அந்த மூன்றாவது தலையைப் பற்றிச் சொன்னேன்.

"சோத்துக் கையா?"

"ஆமாம்மா."

"கல்யாணம் ஆனதுலேருந்து அந்தக் கைமேலதான் தல வெச்சுப் படுத்தேன். எனக்குத் தெரியலியே, டாக்டரம்மா." மல்லிகையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, "வலிச்சிருக்குமா அவருக்கு?"

"இல்லம்மா. இருக்கறதே தெரிஞ்சிருக்காது."

"அப்ப சரி" என்றவர், படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

படிப்பு முடிந்து உடலைத் தகனம் செய்தபோது, அந்தக் கை மட்டும் கண்ணாடி ஜாடியில் துறையின் அருங்காட்சியகத்துக்குப் போனது. துறைத்தலைவரிடம் கெஞ்சி அம்மாவுக்கு அனுமதி வாங்கினேன். ஒவ்வொரு திதிக்கும் வருவார். மகனுக்கு மேட்டுப்பாளையத்தில் வேலை கிடைத்தது, வீட்டுக்குப் புது ஓடு போட்டது என்று ஜாடியிடம் சொல்லிக்கொண்டிருப்பார். நான் வெளியே போய் நின்றுகொள்வேன்.

ஒரு வருஷம் அவர் வரவில்லை. மருமகள் போன் செய்தாள். "அத்த தவறிட்டாங்க, டாக்டரம்மா. போறதுக்கு முன்னாடி, தான் போயிட்டத மாமாகிட்ட உங்களையே சொல்லிடச் சொன்னாங்க."

போனேன். ஆளில்லாத அறையில், ஜாடிக்கு முன்னால் நின்று, "அம்மா போயிட்டாங்க" என்றேன். பயிற்சி டாக்டராக வார்டில் இருந்தபோது எத்தனையோ பேரிடம் சாவைச் சொல்லியிருக்கிறேன். இறந்தவரிடமே சொன்னது அன்றுதான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு துறை புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. ஒருமுறை போனபோது அந்த ஜாடியைத் தேடினேன். பழசையெல்லாம் எரித்துவிட்டார்களாம். எப்போது என்று கேட்டேன். அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.