வெண்கலப் பதக்கக்காரரும் எட்டுக் கையெழுத்தும்

வாள்சண்டைப் பள்ளியில் ரிசப்ஷனிஸ்டாக உட்கார்ந்தால் வாள் வைத்திருப்பவர்களால் ஒரு தொந்தரவும் வராது, தொந்தரவெல்லாம் எதிரே சோபாவில் உட்கார்ந்து காபி குடிக்கிற பெற்றோர்களால்தான். பல் டாக்டர் கிளினிக், டிராவல் ஏஜென்சி, பாட்டு கிளாஸ் என்று எங்காவது கவுன்டருக்குப் பின்னால் சிரித்த மூஞ்சியோடு உட்கார்ந்து பாடுபட்ட புண்ணியவான்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும்.

கிரீன் கார்டு வந்த மூன்றாம் வாரம், 1999-இல், இந்த வேலையில் சேர்ந்தேன். அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்கிற ஊரில், எங்கள் அபார்ட்மென்டிலிருந்து பத்து நிமிஷ டிரைவ். ஓனர் டேவ் அமெரிக்கர். கோச் ரென்சோ இத்தாலிக்காரர், உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கியவர். அவருடைய விசா வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியது. டேவ் ஃபார்மில் கையெழுத்துப் போட்டால் ரென்சோவும் மனைவியும் கிண்டர்கார்டன் போகிற பெண்ணும் இன்னொரு வருஷம் இங்கே இருக்கலாம். போடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவருக்கு இங்கிலீஷ் சுமார் என்பதால் அந்த ஃபார்மை நிரப்பித் தருவது நான். நம்மவர்களுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம், கரைத்துக் குடித்தவர்கள்.

வேலை பார்ப்பவர்களின் பிள்ளைக்கு ஃபீஸ் கிடையாது என்பதால் என் பையன் கார்த்திக்கையும் சேர்த்துவிட்டேன். அந்த வருஷம் யாரோ ஒரு மகானுபாவர், வாள்சண்டை தெரிந்தால் பெரிய காலேஜில் சீட் நிச்சயம் என்று கோயில் கேன்டீனில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே கிளப்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை எங்கள் வாசலில் வரிசையாக டொயோட்டா கேம்ரி நின்றது.

வெண்கலமா?

முதலில் வந்தவர் முரளி. மருந்து கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, H1 விசா, ஸ்வேதா என்று பத்தாவது படிக்கும் பெண். சுவரில் கண்ணாடி ஃபிரேமுக்குள் இருந்த ரென்சோவின் பதக்கத்தைக் குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கோல்டு வாங்கின கோச் யாரும் இல்லையா என்று என்னிடம் தமிழில் கேட்டார். ரென்சோ பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார், பாவம், வாடிக்கையாளர் ஏதோ புகழ்கிறார் என்று நினைத்துச் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. அரையிறுதியில் சரிசமமாகப் போய் ஒரே ஒரு பாயின்டில் தோற்றவர் சார், உலகத்திலேயே மூன்றாவது ஆள் என்றேன். நீங்கள் உலகத்தில் எத்தனையாவது என்று கேட்க நாக்கு துடித்தது, வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்ததால் விழுங்கிக்கொண்டேன். முரளி ரொம்ப நிதானமாகச் சொன்னார்:

“ஒரு மார்க்லதாங்க நம்ம ஊர்ல மெடிக்கல் சீட்டே போகுது. போனா போனதுதானே?”

மூன்று மாதம் கால் மட்டும்

ரென்சோவின் வழக்கம், முதல் மூன்று மாதம் பிள்ளைகள் கையில் வாளே தர மாட்டார். முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி, முட்டியை மடக்கு, மறுபடி முன்னே. பார்க்க எனக்கே கொட்டாவி வரும். ஆனால் அவர் ஊரில் அவரும் அப்படித்தான் கற்றாராம், காலில் இல்லாதது கையில் வராது என்பார்.

சோபாவில் இருந்த அம்மாக்களுக்கு இது பொறுக்கவில்லை. ஒருவர் சிலபஸ் இருக்கிறதா என்று கேட்டார். இன்னொருவர் வீட்டுக்கு வொர்க்‌ஷீட் தரச் சொன்னார். எத்தனை மாதத்தில் மெடல் வரும் என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்ட அம்மாவுக்கு நான் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னது:

“நடக்கறதுக்கு எதுக்கு மேடம் இத்தாலிலேர்ந்து ஆளு? இவ ஒரு வயசுலேயே நடந்துட்டா.”

ஃபாரஸ்ட் கார்டு

அடுத்த கோடையில் ரென்சோவின் பழைய சிநேகிதி லாரா ஒரு வாரம் கேம்ப் நடத்த வந்தார். அவரும் இத்தாலிக்காக ஆடி வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். வெள்ளி என்றதும் நம்மவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கேம்ப் முடிந்த அன்று பெற்றோர்கள் கேள்வி கேட்கலாம் என்று டேவ் சொன்னார். வாளைப் பற்றி ஒரு கேள்வி வந்தால் என் காதை அறுத்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் பந்தயம் கட்டினேன். காது பிழைத்தது.

எந்த காலேஜ், என்ன மேஜர், இதுதான் கேள்வி. லாரா வெள்ளந்தியாக உள்ளதைச் சொன்னார். காலேஜே போகவில்லை, எங்கள் நாட்டில் நன்றாக ஆடுகிறவர்களைப் போலீஸிலோ ராணுவத்திலோ சேர்த்துச் சம்பளம் கொடுத்துப் பயிற்சி செய்ய விடுவார்கள், நான் போலீஸ், ரென்சோ வனத்துறைக் காவல் என்றார். ஹால் இழவு விழுந்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

என் பெரியப்பா பையன் திருச்சி பொன்மலையில் ஃபுட்பால் ஆடியே ரயில்வேயில் வேலை வாங்கினவன். அவனுக்குப் பெண் கொடுக்க நீ நான் என்று வரிசையில் நின்றார்கள். இந்த சமாச்சாரம் நம் ஊரில் இல்லாததா என்ன? ஏரோப்ளேன் ஏறினதும் மறந்துபோகிறது. முரளி என் கவுன்டருக்கு வந்து, குரலை இறக்கி, வீட்டில் திருட்டுப் போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

“ஒரு வருஷமா ஒரு ஃபாரஸ்ட் கார்டுகிட்டயா பொண்ண அனுப்பிட்டிருந்தேன்?”

டெசிக்னேஷன்

இரண்டாயிரத்தொன்று பிப்ரவரியில் முரளி ஒரு கவரைக் கொண்டுவந்து, டேவிடம் சேர்த்துவிடச் சொன்னார். ஒட்டாத கவர். நான் படித்தேன், நான் படிக்கட்டும் என்றுதான் அவரும் நின்றார். அழகாக டைப் செய்த கடிதம். நாங்கள் கீழே கையெழுத்திட்ட பெற்றோர்கள், தகுதியுள்ள, பட்டம் பெற்ற ஒரு பயிற்சியாளரை எதிர்பார்க்கிறோம், இல்லாவிட்டால் பிள்ளைகளை வேறு இடத்தில் சேர்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டிவரும். கீழே எட்டுக் கையெழுத்து.

ரென்சோவின் விசா அடுத்த மாதம் முடிகிறது. ஃபார்மை நிரப்பி டேவ் மேஜையில் நான்தான் வைத்திருந்தேன், கையெழுத்து மட்டும் பாக்கி. முரளியின் கம்பெனியிலும் அப்போது வாரம் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மனுஷன் தூங்கி ஒரு மாதம் ஆனது கண்ணிலேயே தெரிந்தது. வேலை போனால் விசா போகும், விசா போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா சார் என்று கேட்டேன். 

“அதெல்லாம் தெரியுங்க, எனக்கும் வருத்தம்தான். ஆனா நாளைக்கு ஸ்வேதாவுக்கு ரெகமண்டேஷன் லெட்டர் குடுக்கறப்ப, கீழ என்னன்னு டெசிக்னேஷன் போடுவாரு?”

எட்டாவது ஆள்

அவர் போனபிறகு, யார் யார் இந்த மகா பாவிகள் என்று கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழு வரைக்கும் ஏசிக்கொண்டே வந்தேன். எட்டாவதைப் பார்த்ததும் கடிதத்தைச் சட்டென்று கவிழ்த்து வைத்தேன். வாலை நீட்டிச் சுழித்து, அடியில் இரண்டு புள்ளி வைக்கிற கையெழுத்து. பதினெட்டு வருஷமாக பேங்க் செக்கிலும் இன்கம்டாக்ஸ் பேப்பரிலும் பார்க்கிறேன், தெரியாமல் போகுமா?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரை நிற்க வைத்துக் கேட்டேன். ஒரு பைசா ஃபீஸ் இல்லாமல் நம் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்த மனுஷனுக்கு நீங்கள் செய்கிற மரியாதை இதுதானா என்று ஒரு பிடி பிடித்தேன். அவர் டிவியின் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

“போன வாரம் பாட்லக் விருந்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. நான் ஒருத்தன் மட்டும் போடலைன்னா என்ன நெனப்பாங்க?”

உங்க ஆளுங்க

கடிதத்தை இரண்டு நாள் என் டிராயரிலேயே வைத்திருந்தேன். கிழித்துப் போடலாம் என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் முரளி ஃபோன் செய்து, டேவ் என்ன சொன்னார் என்று விசாரித்தார். இனி மறைத்தால் என் வேலை போகும். எடுத்துக்கொண்டு போய் டேவ் மேஜையில் வைத்தேன், நானேதான் வைத்தேன். அவர் படித்துவிட்டு, ரென்சோவின் ஃபார்மைக் கையெழுத்துப் போடாமல் என்னிடமே திருப்பித் தந்தார். ரென்சோ தங்கமான ஆள்தான், ஆனால் சனிக்கிழமை ஹால் நிறைவது உன் ஆட்களால்தானே என்றார். பிறகு ரென்சோவைக் கூப்பிட்டுக் கடிதத்தையும் காட்டினார். கையெழுத்துகளை ரென்சோ மேலிருந்து கீழே வரை படித்தாராம்.

கடைசி நாள் ரென்சோ சுவரிலிருந்து ஃபிரேமை இறக்கி ஒரு டவலில் சுற்றினார். அவர் பெண் ஸ்கூல் பையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள், ஊருக்குப் போகிறோம் என்பது அவளுக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. நான் என்ன சொல்வது? மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்து அழுதுவிட்டேன். எட்டாவது கையெழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அவர் தன் உடைந்த இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

“உன் பையனுக்குப் பின்னங்கால் சோம்பேறி. புதுசா வர்றவர்கிட்ட மறக்காம சொல்லு.”

அட்ரஸ்

புதிதாக வந்தவருக்கு ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்டில் மாஸ்டர்ஸ். பதக்கம் ஒன்றும் கிடையாது. சோபாவில் பரம திருப்தி. செப்டம்பரில் ஸ்வேதாவுக்கும் கார்த்திக்குக்கும் காலேஜ் அப்ளிகேஷன் ஃபார்ம்கள் வந்தன. பிள்ளையைப் பல வருஷம் அறிந்த கோச்சின் கடிதம் வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. புதியவர் வந்து ஆறு மாதம், ஸ்வேதாவை இன்னும் ஷ்வெட்டர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முரளி வந்து, கூச்சமே படாமல், ரென்சோவின் இத்தாலி அட்ரஸ் கேட்டார். இல்லை என்றேன். பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார், நல்ல மனுஷன் என்று எனக்கே எடுத்துச் சொன்னார்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் என் வீட்டுக்காரர், உன்னிடம் அட்ரஸ் இருக்கிறதே, நம் பையனுக்கு மட்டும் கேட்டுப் பாரேன் என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து எழுதினேன். கார்த்திக்குக்கு மட்டும் ஒரு கடிதம் வேண்டும் என்று, தலை குனிந்தபடி எழுதினேன்.

மூன்று வாரத்தில் தடியாக ஒரு கவர் வந்தது. உள்ளே எட்டுக் கடிதம், எட்டும் கையால் எழுதியவை. கையெழுத்துப் போட்ட எட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும், அவர்களில் இந்த வருஷம் அப்ளை செய்யாத சின்னதுகளையும் விடாமல். எனக்கு ஒரு துண்டுச் சீட்டு, மற்றவர்களும் கேட்பார்கள், உனக்குத் திரும்பத் திரும்ப ஸ்டாம்ப் செலவு வேண்டாம் என்று. முரளியிடம் ஸ்வேதாவின் கடிதத்தைக் கொடுத்தேன். வெட்கப்படுவார் என்று வெறியோடு அவர் முகத்தையே பார்த்தேன். முழுக்கப் படித்தார், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“லெட்டர்ஹெட்ல அனுப்பச் சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?”

நான் கேட்டது ஒரே ஒரு கடிதம்தான் என்பதால் மற்ற ஏழு வீட்டுக்காரர்களைவிட நான் யோக்கியம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறேன்.