டின்னில் இரண்டாவது ஓட்டை

எழுபதுகளில் காஞ்சிபுரத்துப் பக்கம் பம்புசெட் மக்கர் செய்தால் என்னைத்தான் தேடுவார்கள். அந்தப் பெருமையில் என் கால் தரையில் பாவாது.

ஓர் ஐப்பசியில் பாலாற்றில் வெள்ளம். அக்கரையில் சிக்கியவர்களை அழைத்துவர வந்த மோட்டார் படகு கிளம்பவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். நனைந்த பிளக்கைத் துடைத்து மாட்டினேன். பெட்ரோல் டாங்கின் மூடியில் ஒரு சின்னத் திருகு தளர்ந்திருந்தது. சிந்துகிறதே என்று அதை இறுக்கினேன். கயிற்றை இழுத்ததும் மோட்டார் ஓடியது, கொஞ்ச நேரத்தில் நின்றது. மறுபடியும் அதே கதை. உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம்.

எங்கள் தெருவுக்கு மணியடித்தபடி மண்ணெண்ணெய் வண்டி தள்ளி வருபவரும் கரையில் நின்றிருந்தார். அவர் பெண்டாட்டி பிள்ளைகள் அக்கரையில். மெதுவாகக் கிட்டே வந்தார்.

"மேஸ்திரி, டின்னுல ஒரே ஓட்டை போட்டா எண்ணெய் சரியா வராது. காத்து போவ இன்னொண்ணு போடுவேன். நீங்க இறுக்குன திருகு அதுக்குத்தானோ இன்னாவோ?"

தளர்த்தினேன். டாங்க் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. பிறகு மோட்டார் நிற்கவேயில்லை. மாலைக்குள் எல்லோரும் கரை சேர்ந்தார்கள்.

"கெட்டிக்காரன்யா நீ! என்ன கோளாறு?" என்று படகோடு வந்திருந்த அதிகாரி என் தோளைத் தட்டினார்.

"காத்து அடைப்பு சார். கண்டுபுடிச்சிட்டேன்."

எண்ணெய்க்காரர் காதிலும் அது விழுந்தது. என்னைக் கும்பிட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அதன்பின் பல வருஷம் அவரிடம்தான் மண்ணெண்ணெய் வாங்கினோம். ஒருநாளும் அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எஞ்சின் ரிப்பேர் என்று யார் கேட்டாலும், "நம்ம மேஸ்திரிகிட்ட போப்பா" என்று என்னிடமே அனுப்புவார். அப்படி வந்த எஞ்சின்களையெல்லாம் தலை நிமிராமல்தான் பிரித்தேன்.