வெளுக்காத முகம்

பத்திரிகை ஆபீசில் படங்களைக் கம்ப்யூட்டரில் அச்சுக்குத் தயார் செய்வதுதான் அவள் வேலை. செய்தித்தாள் மையை உறிஞ்சும். திரையில் பளிச்சென்று இருக்கும் முகம் தாளில் கறுத்துவிடும். அதனால் எந்த முகத்தையும் வெளுக்க வைத்துத்தான் அனுப்புவாள். பதினெட்டு வருஷத்தில் ஒரு முகம்கூடக் கெட்டதில்லை.

அன்று மதியம், போன வாரம் இறந்துபோன தம்பியின் இரங்கல் படம் வந்தது. "ஊரே பாக்கப்போகுது, சிரிச்ச முகமா வரணும்டி" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

வழக்கம்போல முகத்தை வெளுக்க வைத்தாள். திரையில் தம்பி ரத்தம் வற்றி, ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த மாதிரியே ஆகிவிட்டான்.

"என்னம்மா, இன்னும் அனுப்பலையா? மெஷின்காரன் என் தலைய உருட்டுறான்" என்றார், பக்கம் அமைப்பவர்.

"ஆண்டவனே, இந்த ஒரு முகத்த மட்டும் நீ பாத்துக்கோ" என்று முணுமுணுத்தபடி, வெளுக்க வைத்ததை நீக்கிவிட்டு, இருந்தபடியே அனுப்பினாள்.

காலையில் அம்மா பேப்பரை ஜன்னலோரம் கொண்டுபோய், கறுத்துப்போயிருந்த தம்பி முகத்தை விரலால் தடவினாள்.

"கண்ணு எங்கடி இருக்கு? ஊரான் வீட்டு முகத்துக்கெல்லாம் பாத்துப் பாத்துச் செய்வியே!"

அவள் அம்மாவின் விரலைப் பிடித்து, கண் இருக்கவேண்டிய இடத்தில் வைத்தாள்.

"இங்கதாம்மா."