பலகையில் ஒரு தகப்பன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனில் பிளேஸ்டோ என்ற பகுதியில் பூட்டிக் கிடந்த பழைய தேவாலயம் ஒன்றை எங்கள் கோயில் சபை வாங்கியது. ஆங்கிலம் சுமாராக எழுதுவேன் என்பதால் நான் செயலாளர்.

பிள்ளையாருக்கு என்று பார்த்த இடத்துக்கு நேரெதிர்ச் சுவரில் பெரிய மரப்பலகை ஒன்று இருந்தது. முதலாம் உலகப் போரில் இறந்த அந்த வட்டாரத்து ஆண்களின் பெயர்கள்.

"செத்தவையின்ர பேர் சாமிக்கு முன்னால இருக்கிறதோ? தீட்டுத் துடக்கல்லோ," என்றார் சபைத் தலைவர். எல்லோருக்கும் அவர் அண்ணை. "கழட்டிப் போடுவம்."

கவுன்சிலிலிருந்து வந்த அதிகாரிப் பெண், இது பாதுகாக்கப்பட்ட கட்டடம், ஓர் ஆணியைக்கூட அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் அண்ணை, துணிக்கடைகளில் உடுப்புத் தொங்கவிடும் சில்லு வைத்த சட்டம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அதில் பெரிய ரோஜாப்பூத் திரைச்சீலை. பலகை மறைந்தது. ஆனால் உள்ளே எந்தச் சாமி என்று வருகிறவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு அம்மா பூவே வைத்துவிட்டுப் போனார்.

ஒரு சனிக்கிழமை, பூசை முடிந்த நேரம், கைத்தடியுடன் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி வந்தார். அமெரிக்காவிலிருந்து வருகிறாராம். பிறந்தது இங்கேதானாம்; ஆறு வயதில் தாய் அவரை அங்கே கூட்டிப்போனாராம்.

"எங்கள் ஊரில் பழைய ரயில் நிலையத்தை இடிக்கப் பார்த்தார்கள். பல வருஷம் சண்டை பிடித்துக் காப்பாற்றினோம்," என்றார். "அப்போதெல்லாம் நினைப்பேன், என் அப்பாவின் பெயரை இங்கே யாராவது காப்பாற்றுகிறார்களா என்று."

எனக்கு முகம் சூடேறியது.

"என்னவாம்?" என்றார் அண்ணை. சொன்னேன். அவர் திரைச்சீலையை உருட்டிக்கொண்டு போய் மூலையில் விட்டார்.

மூதாட்டி விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டு வந்து, ஓரிடத்தில் நின்றார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. அண்ணை கதிரை கொண்டுவந்து போட்டார். பிறகு ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கல். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டவர், இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார்.

அவர் போனபின் நான் திரைச்சீலையைத் திரும்பவும் பலகைக்கு முன்னால் உருட்டப் போனேன்.

"விடும் தம்பி. அதுகளும் பிள்ளை பெத்த தேப்பன்மார்தானே."

"ஐயர் ஏதும் சொல்லுவாரோ?"

"நான் கதைக்கிறன்."

அரை மணித்தியாலம் கதைத்தார். என்ன கதைத்தாரோ தெரியாது, பலகையை யாரும் பிறகு மூடவில்லை. கிறிஸ்மஸுக்கு அந்த மூதாட்டியிடமிருந்து தபாலில் ஒரு படம் வந்தது. சிவப்புச் செங்கல் ரயில் நிலையம்; வாசலில் கைத்தடியை உயர்த்திப் பிடித்தபடி அவர்.